நீங்கலாக என்று எழுதும் உரிமை

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு. ஆவுடையார்கோவிலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த ஊருக்குப் பேச வருகிற யாரும் கோவிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்குவதில்லை. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஆனால் கல் செதுக்கியவர்களின் பக்கமாக நின்று. ஆவுடையார்கோவில் கொடுங்கை உங்களுக்குத் தெரியும். மரச் சட்டம், ஆணி, கயிறு எல்லாம் கல்லிலேயே. அந்தக் காலத்துச் சிற்பிகள் வேறு ஊரில் கோவில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாம். மற்ற எந்த வேலையும் செய்வோம், அதைப் போலச் செய்யச் சொல்லக் கூடாது என்பது பொருள். இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கோவிலின் பெருமைக்காகத்தான் சொல்கிறார்கள்.

நான் சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று பட்டது. வேலை கொடுப்பவர் அரசனோ மடமோ நிலக்கிழாரோ, யாராக இருந்தாலும், அவர் முன்னால் ஒரு வேலைக்காரன் உட்கார்ந்து, "இது முடியாது" என்று எழுதி வாங்கியிருக்கிறான். அப்படி எழுதியதற்காக அவனை யாரும் அடிக்கவில்லை, ஊரை விட்டுத் தள்ளவில்லை, வேலையும் அவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது. என் தாத்தாவுக்கு அப்படி ஒரு வரி இருந்ததா? செத்த மாட்டைத் தூக்க மாட்டேன், சாவுக்குப் பறை அடிக்க மாட்டேன், இது நீங்கலாக மற்ற வேலை செய்கிறேன் என்று அவர் சொல்ல முடிந்ததா? நான் இன்று பேசப்போவது முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

பணியாளர் நலன், பணியிடப் பண்பாடு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று தனி அதிகாரி உண்டு. யோகா வகுப்பு, மனநல ஆலோசகர், பிறந்தநாளுக்குக் கேக் எல்லாம் உண்டு. இவற்றைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்று. வேலை மனிதரை உள்ளுக்குள் உடைக்கிறது என்பது இப்போது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். பாகுபாடு, மிரட்டல், அளவுக்கு மீறிய வேலை, தன் வேலையில் தனக்கே ஒரு சொல் இல்லாமை இவையெல்லாம் மனதை நோகச் செய்யும் காரணங்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் தெருவில் யாரும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தியாவில் பணியிடப் பண்பாடு என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்து எழுதியவர் பாபாசாகேப். 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். கொலம்பியாவில் படித்த அதிகாரி. அவருடைய மேஜைக்குக் கடைநிலை ஊழியர் கோப்பைக் கையில் கொடுக்காமல் தூர நின்று எறிகிறார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். சில நாளில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. ஒரு பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு ஊர் திரும்புகிறார். அடுத்த ஆண்டு பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கே ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். சம்பளம் இருந்தது, பதவி இருந்தது, நாற்காலியும் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அந்த ஆசிரியர் அறையில் வாரம் ஒரு யோகா வகுப்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வலியை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசும்போது வேலைத்தலத்தில் சாதி எப்படி இயங்குகிறது என்பதைப் பிரித்துக் காட்டினார். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் நம் ஆட்களைச் சேர்ப்பதில்லை. ஏன்? அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி எடுக்க வேண்டும், எச்சில் தீட்டு. கூலி அதிகம் கிடைக்கும் பிரிவு அதுதான். ரயில்வேயில் நம் ஆள் தண்டவாளக் கூட்டத்தில் கேங்மேனாகவே இருப்பான், போர்ட்டர் ஆக முடியாது. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். பிராமணியம், முதலாளியம் இரண்டும் தொழிலாளிக்கு எதிரிகள் என்று அவர் சொன்னது அந்த மாநாட்டில்தான். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிய மசோதாவை எதிர்த்து பம்பாயில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். வேலை செய்ய மாட்டேன் என்பதைக் குற்றமாக்கினால் தொழிலாளி அடிமையாகிவிடுகிறான் என்பதுதான் சட்டமன்றத்தில் அவருடைய வாதம். சிற்பியின் அந்த ஒரு வரியை அவர் எல்லாத் தொழிலாளிக்கும் கேட்டார்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. முதலாளி, தொழிலாளி, அரசு மூவரும் ஒரே மேஜையில் உட்காரும் முத்தரப்பு மாநாட்டை அந்தக் காலத்தில் நடத்தினார். தொழிற்சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்தார். ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆகக் குறைத்த திருத்தம் 1946இல் வந்தது. இவற்றை எண்ணிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர் போன வழியைக் கவனியுங்கள். தொழிலாளியிடம் நன்றாக நடந்துகொள்ளுங்கள் என்று முதலாளிக்கு அறிவுரை சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. நன்றாக நடந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதினார். அதைக் கண்காணிக்கத் தொழிலாளியின் சங்கத்துக்கு இடம் கேட்டார்.

அந்த 48 மணி நேரம் நிலைத்துவிட்டது என்றுதான் நாம் நினைத்தோம். 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. சங்கங்கள் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. 1943இல் பாபாசாகேப் எழுதியதையே 2024இல் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி நாற்காலிக்கு வருகிறேன். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. மற்றவர்களுக்கு இது கால்வலி சம்பந்தப்பட்ட சட்டம். நமக்கு அதற்கு மேலும் அர்த்தம் உண்டு. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதில்தான் சாதி கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு, 2020இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. அவருக்கு அது வேலைத்தலம். அவர் அந்த அலுவலகத்தின் தலைவர். நாற்காலிகளும் அங்கே இருந்தன. ஆகவே நாற்காலி வாங்கிப் போடுவது வேறு, அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற நிலையை உண்டாக்குவது வேறு. முதலாவது செலவுக் கணக்கு. இரண்டாவதுதான் பண்பாடு.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் சொல்கிறேன். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் பதினொரு மணிக்குத் தேநீர் வரும். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்குக் காகிதக் கப். முதல் நாள் டம்ளர் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது, குறையவில்லை என்று. இரட்டைக் குவளையைத் தேநீர்க் கடையில் ஒழித்தால் அது காகிதக் கப்பாக அலுவலகத்துக்குள் வந்துவிடும். சுகாதாரம் என்று பெயர் வேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் குடிப்பதை விட்டுவிட்டேன். இன்றுவரை வேலைத்தலத்தில் நான் தேநீர் குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவேன்.

இது எனக்கு நடந்தது. நான் செய்ததைக் கேளுங்கள். பல ஆண்டுகள் கழித்து, வேறொரு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர், ஒப்பந்தப் பணியாளர், நம் ஆட்கள்தான், ஒருநாள் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தார். "ஐயா, மாடிப்படிக்கு அடியில உக்காந்து சாப்பிடுறேன். போறவங்க வர்றவங்க செருப்புத் தூசி சோத்துல விழுது. அந்த ஸ்டோர் ரூம்ல ஒரு ஓரமா உக்காந்துக்கவா?" என்றார். கேட்டது அவ்வளவுதான். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பொறுத்துக்கம்மா. கேட்டா காண்ட்ராக்டரு ஆளை மாத்திருவான்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு எதற்கும் அவர் என்னிடம் வரவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்தப் படிக்கு அடியில்தான் சாப்பிட்டார்.

எனக்குக் காகிதக் கப் கொடுத்தவரைவிட நான் எந்த விதத்தில் உசத்தி? எனக்கு நல்ல மனசு இருந்தது. அந்த நல்ல மனசு அவருக்கு ஒருபிடி சோற்றைத் தூசி இல்லாமல் தின்னக் கொடுக்கவில்லை. கேட்டால் வேலை போகும் என்று இருக்கிற இடத்தில் அன்பும் பயத்தைத்தான் சொல்லிக்கொடுக்கும். இதை நான் புரிந்துகொள்ள ஒரு பிள்ளையின் சாவு தேவைப்பட்டது.

திண்டுக்கல்லில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அவர் தனக்குத் தொந்தரவு கொடுப்பதாக அந்தப் பிள்ளை முன்பே உடன் வேலை செய்தவர்களிடமும் வீட்டிலும் சொல்லியிருந்தது. மேலே சொல்லப் பயம். சொன்னால் வேலை போகும், பெயர் கெடும். நான் அந்த அம்மாவுக்குச் சொன்ன அதே புத்திமதியைத்தான் அந்த ஆலையில் ஒவ்வொரு பெண்ணும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொதுவாக இத்தகைய சாவு ஒரு வழக்கோடும் இழப்பீட்டோடும் முடிந்துவிடும். அங்கே அப்படி முடியவில்லை. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் அதை விடவில்லை. அந்த ஆலையில் தைத்த துணி யார் கடைக்குப் போகிறது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஆசியத் தளக் கூலிக் கூட்டமைப்பும் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் தனித்தனியே கையெழுத்திட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அதை அழைக்கிறது.

அதில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பாலியல் தொல்லை மட்டுமில்லாமல், சாதியின் பெயரால், வெளியூர் ஆள் என்பதன் பெயரால் காட்டும் பாகுபாடும் அதில் இருந்தது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தையல் வரிசையில் இருக்கும் பெண்களையே சங்கம் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக நிறுத்தியது. புகாரை விசாரிக்கும் ஏற்பாட்டில் ஆலைக்கு வெளியே இருக்கும் சுதந்திரமான ஆட்களும் உண்டு. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை ஆலை மீறினால் வாங்குகிற கம்பெனிகள் வியாபாரத்தில் கை வைக்க வேண்டும். முதலாண்டில் வந்த குறைகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்க்கப்பட்டன. பலவும் வரிசையிலேயே பேசித் தீர்ந்தவை. முன்பு கழிப்பறைக்குப் போய் வர நேரம் கேட்கக்கூட வாய் திறக்காதவர்கள் வாய் திறந்தார்கள்.

இது ஏன் நடந்தது? மேற்பார்வையாளர்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டதா? இல்லை. அங்கே "கேட்டால் வேலை போகும்" என்ற நிலை, "கேட்டவளைத் தொட்டால் ஆர்டர் போகும்" என்று மாறியது. பண்பாடு பின்னால் வந்தது. நம்முடைய உத்தி என்று ஒன்று இருக்குமானால் இந்த வரிசையை அது மறக்கக் கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் மக்கள், இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளருக்குத் திட்டங்களை அறிவித்தது. அதில் இலவசக் காலை உணவும் ஒன்று. விடிகாலையில் வெறும் வயிற்றோடு குப்பை அள்ளுகிறவருக்குச் சூடாக இட்லி கிடைப்பது நல்லதுதான். அதைக் குறை சொல்கிறவன் பசி அறியாதவன். ஆனால் அவர்கள் கேட்டது வேறு. நிரந்தர வேலை இருந்தால் அந்த அம்மா "கையுறை இல்லாமல் அள்ள மாட்டேன்" என்று சொல்ல முடியும். ஒப்பந்த வேலையில் இட்லியைத் தின்றுவிட்டு வெறும் கையால் அள்ளத்தான் முடியும்.

மறுக்க முடியாதவரின் நலன் எங்கே போய் முடியும் என்பதற்கு மலக்குழியே சாட்சி. மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகும் இறங்குகிறார்கள். சட்டம் தெரியாமல் இல்லை. இறங்க மாட்டேன் என்றால் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள். சாவுக்கு 30 லட்சம் எழுதிய நாட்டில் மறுப்புக்கு ஒரு நாள் கூலி எழுதவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கையில் ஒரு விதி இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று. 1981இல் எழுதியது. அந்த விதி ஒவ்வொரு குழியின் வாயிலும் எழுதப்பட வேண்டும்.

மறுப்பது நமக்குப் புதிதும் இல்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் எல். இளையபெருமாள் அவர்கள் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மக்களைத் திரட்டினார். தீண்டாமையை ஆராய நாடு முழுவதும் சுற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். பறையடிக்க மறுத்ததை இலக்கியவாதிகள் பண்பாட்டுப் போராட்டம் என்கிறோம். அது தொழிலாளர் போராட்டமும்தான். இந்த வேலை நீங்கலாக என்று அந்த மக்கள் தங்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே திருத்தி எழுதினார்கள்.

சரி, இந்த ஊரில் நாளைக் காலை என்ன செய்யலாம்? இங்கே நாச்சி அப்பேரல்ஸ் போன்ற ஆலை இல்லை. ஊராட்சித் தூய்மைக் காவலர், பள்ளிக்கூட ஆயா, அறந்தாங்கிக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள், விடிகாலை வேனில் மில்லுக்குப் போகிற பெண்கள், திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன தம்பிகள் இருக்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன் உறுப்பினர் பெயர்கள் சுவரில் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால், வீட்டு வேலை என்றால், மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாத அக்காவுக்கு எழுதிக் கொடுப்பதுதான் இந்த மன்றத்தின் இலக்கியப் பணி என்று நான் நினைக்கிறேன். கவிதை எழுதுகிற கை ஒரு புகார் மனுவும் எழுதட்டும்.

இரண்டாவது, யாரையும் தனியாகக் கேட்க விடாதீர்கள். தனியாகக் கேட்ட அந்த அம்மாவை நான் ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டேன். ஐந்து பேர் வந்திருந்தால் என்னால் முடிந்திருக்காது. மூன்றாவது, மறுத்தவரின் அடுப்பு அணையாமல் பாருங்கள். குழியில் இறங்க மாட்டேன் என்று வந்தவருக்கு ஒரு வாரக் கூலியைத் தெரு சேர்ந்து கொடுத்தால், அதுதான் அவருக்கு எழுதிய ஒப்பந்தம். திருமணத்துக்கு மொய் எழுதத் தெரிந்த நமக்கு இதையும் எழுத முடியும். நான்காவது, நம்மில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு. நாற்காலி கிடைத்தவுடன் நாம் முதலில் மறப்பது படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரை. ஸ்டோர் ரூம் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. திறந்துவிடுங்கள்.

இந்தக் கோவிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மாணிக்கவாசகருடைய கதையில்தான் பிட்டுக்கு மண் சுமந்த கூலியாளும் வருகிறார். உதிர்ந்த பிட்டுக்குக் கூலி வேலை செய்த அந்த ஆளின் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எல்லார் முதுகிலும் விழுந்தது, அரசன் முதுகிலும் விழுந்தது என்பது கதை. கூலியாள் சாமியாக இருந்ததால் அப்படி விழுந்ததாம். மனிதக் கூலியாளின் முதுகில் விழும் அடி அவன் முதுகோடு நின்றுவிடுகிறது. அதை எல்லார் முதுகிலும் விழச் செய்வதற்குப் பெயர்தான் சங்கம். திண்டுக்கல்லில் ஒரு பெண் மேல் விழுந்த அடி ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இருக்கும் கம்பெனி வரைக்கும் போய் விழுந்ததே, அதைச் செய்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

அந்த அம்மாவை ஓய்வுக்குப் பிறகு நான் ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாய்யா" என்றுதான் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. இன்று உங்கள் முன்னால் கேட்கிறேன்.

ஜெய்பீம்.